விதை பகிரும் குழுவில் செய்யக்கூடாத தவறுகள்

தனியாக விதை எடுப்பவர் தவறு செய்தால் அது அவர் தோட்டத்தோடு போய்விடும், குழுவில் பகிர்ந்தால் அதே தவறு அடுத்த பருவத்தில் எல்லார் நிலத்திலும் முளைத்து நிற்கும். அதனால் இதில் கொஞ்சம் கறாராக இருக்கத்தான் வேண்டும்.

பெரிய தவறு பூவிலேயே நடந்துவிடுகிறது, நாம் காயை மட்டும்தான் பார்க்கிறோம். பூசணியில் இரண்டு ரகங்களை அருகருகே விட்டால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். இந்த வருஷக் காய் அசலாகவே இருக்கும். கலப்பு தெரிவது அந்த விதையை வாங்கிப் போட்டவர் தோட்டத்தில்தான். முந்தின நாள் சாயங்காலமே, மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் (அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண்) நூலால் கட்டிவையுங்கள், விடிந்ததும் ஆண் பூவின் இதழை உரித்துவிட்டு மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் (பூவின் நடுவில் இருக்கும் நுனி) தடவி, பூவை மறுபடி கட்டி, காம்பில் ஒரு அடையாள நூல் போடுங்கள். இவ்வளவு மெனக்கெட முடியாதா? ஒருவருக்கு ஒரு ரகம் என்று குழுவில் பிரித்துக்கொள்ளலாம், பக்கத்து நிலத்தில் வேறு பூசணி இல்லாமல் இருந்தால் சரி.

தக்காளியில் இந்தத் தொல்லை குறைவு. கத்தரி, மிளகாய், வெண்டையை மட்டும் அப்படி நம்பிவிடாதீர்கள், அவையும் ஓரளவு கலக்கும்.

அப்புறம், நல்ல காயை எல்லாம் சமைத்துவிட்டு கடைசியில் மிஞ்சிய சூம்பல் காயை விதைக்கு விடுவது. எனக்குப் பொறுக்காத பழக்கம் இது! செடி நன்றாக இருக்கும்போதே விதைக்காயைக் குறித்துவிடுங்கள், கத்தரி மஞ்சளாகிப் பழுக்கட்டும். ஒரே கொடியிலிருந்து மொத்த விதையையும் எடுக்காதீர்கள். இலை தேமலாகிச் சுருண்ட செடி எவ்வளவு காய்த்தாலும் வேண்டாம், சில வைரஸ்கள் விதை வழியாகவே பரவும்.

வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகத்தின் விதையைப் பொதுவில் சேர்க்காதீர்கள், அடுத்த தலைமுறையில் குணம் பிரிந்து செடிக்குச் செடி வேறாக வரும்.

விதையை நிழலில் காயவையுங்கள். பூசணி விதையை வளைத்தால் ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. அதை டப்பாவில் அடைத்தால் பூஞ்சணம்தான்.

பொட்டலத்தில் ரகம், எடுத்த மாதம், வருஷம், வளர்த்தவர் பெயர், பக்கத்தில் என்ன ரகம் இருந்தது என்பதுவரை எழுதுங்கள். கொடுக்கும் முன் 20 விதையை ஈரத்துணியில் சுற்றி முளைக்கவிட்டுப் பாருங்கள். 12 தான் முளைத்ததா, 60 சதவீதம் என்று அதையும் எழுதிவிடுங்கள், வாங்குபவர் கூடுதலாக விதைத்துக்கொள்வார். வெங்காய விதை ஒரு வருஷத்திலேயே முளைப்புத் திறனை இழக்கும், அதனால் பழையதை அடுத்தவர் தலையில் கட்டிவிடாதீர்கள். கேட்கிறார்களே என்று முழுவதையும் கொடுத்துவிடாமல் ஒரு பங்கை வீட்டில் வைத்திருங்கள், மழை பொய்த்தால் திரும்ப விதைக்க அதுதான் இருக்கும்.