ஸ்கிராட்சில் முதல் விளையாட்டு: பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன கோடை விடுமுறையில், பிளாக் எனப்படும் கட்டளைத் துண்டுகளை அடுக்கிக் கணினிக்கு நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மென்பொருளில் ஒரு விளையாட்டைச் செய்து கொண்டுவந்து காட்டினாள். மேலிருந்து மாம்பழம் விழும், அம்புக்குறி விசைகளால் கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். நன்றாகவே ஓடியது. "மாம்பழம் இன்னும் மெதுவா விழணும்னா எதை மாத்தணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "தெரியல சித்தி, வீடியோல அப்படித்தான் போட்டிருந்தாங்க" என்றாள்.

நான் பார்த்த தவறுகளில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, அதில் வரும் பிளாக்குகளை அதே வரிசையில் அடுக்கினால் விளையாட்டு ஓடிவிடும். ஓடிவிட்டதால் புரிந்துவிட்டது என்று பிள்ளையும் நினைக்கும், பெற்றோரும் நினைப்பார்கள். அதற்காக வீடியோவே பார்க்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். டிஜேக்கள் இசைத்தட்டைக் கையால் தேய்த்து ஒலிகளைக் கலப்பார்களே, அதிலிருந்து வந்த பெயர்தான் ஸ்கிராட்ச். அடுத்தவர் செய்ததை எடுத்து மாற்றிப் பார்ப்பது இந்த மென்பொருளின் பிறவிக்குணம். மாற்றாமல் விடுவதுதான் தவறு. ஒவ்வொரு முறை விளையாட்டை ஓடவைக்கும் பச்சைக் கொடியை அழுத்துவதற்கு முன்பும் "இப்போ என்ன நடக்கும்?" என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். சொன்னது ஒன்று, நடந்தது வேறொன்று என்றால் அந்த இடத்தில்தான் படிப்பு தொடங்குகிறது.

1960-களின் கடைசியில் கணினி அறிஞர் சீமோர் பாப்பர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் குழந்தைகளுக்கான லோகோ நிரல் மொழியை உருவாக்கியபோது, கணினி குழந்தைக்குக் கட்டளையிடக் கூடாது, குழந்தைதான் கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என்று எண்ணினார்கள். அந்த வழியில் வந்ததுதான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச். இன்று தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலும் அது பாடமாக வருகிறது. ஸ்டேஜ் (விளையாட்டு நடக்கும் திரைப்பகுதி) என்றால் என்ன, ஸ்பிரைட் (அதில் நகரும் உருவம்) என்றால் என்ன என்று மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வாங்குவதோடு அது முடிந்துபோனால் எனக்கு மனம் வலிக்கும்.

இனி அந்த மாம்பழத்துக்கே வருவோம். பெரும்பாலான தவறுகளை அதிலேயே காட்டிவிடலாம்.

ஸ்டேஜின் நடுப்புள்ளி பூஜ்யம், பூஜ்யம். குறுக்கே -240 முதல் 240 வரை, நெடுக்கே -180 முதல் 180 வரை. பல பிள்ளைகள் இந்த எண்களைத் தொடவே தயங்கி, பழத்தை மவுஸால் இழுத்து வைத்துவிட்டுக் கொடியை அழுத்துகிறார்கள். முதல் ஆட்டம் சரியாக வரும். இரண்டாவது ஆட்டத்தில் பழம் தரையிலேயே கிடக்கும். மதிப்பெண்ணும் பழைய கணக்கிலிருந்தே தொடரும். ஸ்கிராட்ச் இவற்றைத் தானாகத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகாது. பழம் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும், மறைத்த ஸ்பிரைட் மறைந்தேயிருக்கும், மதிப்பெண் போன்றவற்றைச் சேமிக்கும் வேரியபிளில் இருந்த எண் அப்படியே இருக்கும். ஆகவே பச்சைக் கொடிக்குக் கீழே முதல் வேலையாக இடம், தோற்றம், மதிப்பெண் மூன்றையும் எழுதிவிட வேண்டும். கோலம் போடும் முன் வாசலைத் தெளிப்பது போல, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் இதைச் செய்தாக வேண்டும்.

அடுத்தது, "இப்படி இருந்தால் இதைச் செய்" என்று சொல்லும் இஃப் பிளாக்கைத் தனியாக விட்டுவிடுவது. "கூடை பழத்தைத் தொட்டால் மதிப்பெண் கூட்டு" என்று கொடிக்குக் கீழே அடுக்குவார்கள், எதுவும் நடக்காது. பிள்ளைக்கு ஒரே குழப்பம். "எழுதியிருக்கேனே, ஏன் செய்ய மாட்டேங்குது?" கணினி செய்துதான் இருக்கிறது. கொடியை அழுத்திய கணத்தில் ஒரே ஒருமுறை பார்த்தது. அப்போது பழம் மேலே இருந்தது, தொடவில்லை, வேலை முடிந்தது என்று போய்விட்டது. திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்ல அதை ஃபாரெவர் பிளாக்குக்குள் வைக்க வேண்டும். நாம் "தொட்டால்" என்று பேசும்போது "எப்போது தொட்டாலும்" என்ற பொருள் தானாக ஏறிக்கொள்கிறது. கணினிக்கு அப்படி ஏறாது. இதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். அது அரைமணி நேரம் ஆனாலும் வீண் இல்லை.

ஃபாரெவருக்குள் வைத்ததும் அடுத்த சிக்கல் வரும். ஒரு பழம் பிடித்தால் மதிப்பெண் ஒன்று ஏறாமல் பத்து, பன்னிரண்டு என்று தாவும். காரணம், அந்தச் சுற்று ஒரு விநாடிக்கு சுமார் 30 முறை ஓடுகிறது. பழம் கூடைமேல் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் இருந்தாலே பத்து முறை "தொட்டது" என்று கணக்காகிவிடும். மதிப்பெண்ணைக் கூட்டிய கையோடு பழத்தை மறுபடி மேலே அனுப்பிவிட்டால் தீர்ந்தது. நடுவில் ஒரு விநாடி காத்திருக்கச் சொல்லித் தப்பிப்பவர்களும் உண்டு, ஆனால் பழத்தை விழவைக்கும் கட்டளையும் அதே சுற்றில் இருந்தால் அந்த ஒரு விநாடி பழம் அந்தரத்தில் தொங்கும்.

வேகக் கணக்கும் இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பழத்தின் உயரத்தைக் காட்டும் ஒய் மதிப்பை -5 மாற்றினால், 180-இலிருந்து -170 வரை இறங்க 70 சுற்று, அதாவது இரண்டு விநாடிக்குச் சற்று மேல். -2 என்றால் 175 சுற்று, ஆறு விநாடிக்குச் சற்றுக் குறைவு. எதிர்ம எண்கள் எதற்கென்று கணக்கு வகுப்பில் புரியாத பிள்ளைக்கு இங்கே கண்முன் தெரியும். இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

செட், சேஞ்ச் இரண்டையும் மாற்றிப் போடுவதும் அடிக்கடி நடக்கும். மதிப்பெண் ஒன்றிலேயே நின்றுவிட்டதா? "ஒன்றாக வை" என்று எழுதியிருப்பார்கள், எழுத வேண்டியது "ஒன்று கூட்டு". ஸ்கிராட்சைத் திறந்ததும் வரும் பூனை இடதுபக்கம் திரும்பும்போது தலைகீழாகக் கவிழ்ந்தால் அது பிழை அல்ல, சுழலும் விதத்தை இடம்-வலம் என்று மாற்றினால் போதும்.

கூடை முதலில் ஒருமுறை துள்ளி, கொஞ்சம் தயங்கி, பிறகு ஓடுகிறதென்றால், நகர்த்தும் கட்டளையை "விசை அழுத்தப்படும்போது" என்ற தலைப் பிளாக்குக்குக் கீழே வைத்திருப்பார்கள். கணினியில் எழுத்துத் தட்டும்போது ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் முதல் எழுத்து வந்து, ஒரு கணம் நின்று, பிறகுதானே வரிசையாகக் கொட்டும்? அதே தயக்கம்தான் இது. ஃபாரெவருக்குள் "இந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறதா?" என்று கேட்டால் கூடை வழுக்கிக்கொண்டு போகும்.

படம் வரைவதிலேயே நாள் போய்விடுவது தனிக்கதை. ஸ்பிரைட்டின் தோற்றங்களான காஸ்ட்யூம்களுக்கு நிறம் பூசி, பின்னணி தேடி, பாட்டுச் சேர்த்து, ஒரு பிளாக்கும் வைக்காமல் எழுந்து போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வரைவதைத் தடுக்க வேண்டாம். முதலில் ஒரு மஞ்சள் வட்டம் விழட்டும், பிறகு அதை மல்கோவாவாக மாற்றிக்கொள்ளலாம். முதல் விளையாட்டே பத்துக் கட்டங்கள் கொண்ட பெரிய சாகசமாக இருக்க வேண்டும் என்ற ஆசைக்கும் இதே பதில்தான்.

பெரியவர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. அதை நானும் செய்திருக்கிறேன். பிள்ளை திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் "இங்க குடு" என்று மவுஸை வாங்கிவிடுகிறோம். ஒரே நொடியில் சரிசெய்துவிடுவோம். பிள்ளை நிம்மதியாகச் சிரிக்கும், ஒன்றும் கற்றிருக்காது. அதனால் இப்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேள்வி மட்டும் கேட்கிறேன். "பழம் இப்போ எங்க இருக்கு? அதோட ஒய் எவ்வளவு?" கோடிங் பகுதியில் அந்த மதிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் குறியிட்டால் எண் திரையிலேயே தெரியும். பாதிப் பிழைகள் அந்த எண்ணைப் பார்த்ததுமே பிடிபட்டுவிடும்.

"எப்போ பைத்தானுக்குப் போகலாம்?" என்று, கட்டளைகளை எழுத்தாகத் தட்டி எழுதும் அந்த நிரல் மொழிக்கு பெற்றோர் அவசரப்படுகிறார்கள். வயதை வைத்து இதைச் சொல்ல முடியாது. புதிதாக ஒரு விதியை விளையாட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த வீடியோவும் பார்க்காமல், எந்தெந்த இடத்தில் என்ன மாறும் என்று தாளில் எழுதிக்காட்ட முடிகிறதா பாருங்கள். முடிந்தால் போகலாம்.

என் அக்கா மகள் இப்போது அழுகிய மாம்பழம் ஒன்றைச் சேர்த்திருக்கிறாள், பிடித்தால் இரண்டு மதிப்பெண் குறையும். அதற்குத் தனி ஸ்பிரைட் வைப்பதா, நல்ல பழத்தையே குளோன் (நகல்) எடுத்துக் காஸ்ட்யூமை மட்டும் மாற்றுவதா என்று நேற்று இரவு போனில் கேட்டாள். இரண்டையும் செய்துபார்த்துவிட்டுச் சொல் என்றேன்.