ஒரு லைனில் எத்தனை லைட் போடலாம்?

வீட்டு லைட் லைனுக்குப் பெரும்பாலும் 6 ஆம்பியர் எம்சிபிதான் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும். நம்ம ஊர் வோல்டேஜ் 230, அதை 6-ஆல் பெருக்கினால் 1380 வாட். அதை முழுசா நிரப்பாமல் 80 சதவீதத்தோடு, அதாவது சுமார் 1100 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய 60 வாட் குண்டு பல்பு என்றால் 18-லேயே கணக்கு முடிந்துவிடும். 9 வாட் எல்இடி என்றால் காகிதத்தில் நூறைத் தாண்டும், ஆனால் அதை நம்பி மாட்டாதீர்கள். எல்இடி டிரைவர்கள் (பல்புக்குக் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் சின்ன சர்க்யூட்) சுவிட்சைப் போட்ட நொடியில் கரண்டைக் குபீரென்று இழுக்கும், எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் போட்டால் எம்சிபி விழும் (எம்சிபியில் பி டைப் இன்னும் சீக்கிரம் விழும், சி டைப் கொஞ்சம் தாங்கும்). நம்ம எலக்ட்ரீசியன்கள் ஒரு லைனுக்கு 10 பாயிண்ட் (லைட், ஃபேன் மாட்டும் இடம்), 800 வாட் என்று வைப்பது வெறும் அனுபவக் கணக்கு இல்லை, இந்திய வயரிங் விதிமுறையிலேயே இருக்கும் வரம்பு, அதையே பிடித்துக்கொள்ளலாம். அப்புறம் ஃபேனை மறந்துவிடாதீர்கள், சாதாரண சீலிங் ஃபேன் ஒன்றே 75 வாட்.

அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று 6-ஐக் கழற்றிவிட்டு 16 ஆம்பியர் மாட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். எம்சிபி காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் வயரை, பல்பை அல்ல.