பழைய மோடம் கார்டைச் சோதிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மச்சில் கிடந்த லேப்டாப்பை இறக்கி, டயல்-அப் மோடம் கார்டை (தொலைபேசி லைன் வழியே கணினியை இணைக்கும் பிசி கார்டை)ச் செருகி, அஞ்சு நிமிஷத்தில் ‘செத்துப்போச்சு’ என்று தூக்கிப் போடுகிறார்கள். நல்ல கார்டுகளும் அப்படிக் குப்பைக்குப் போவது எனக்கு வருத்தம்.

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் முதல் எதிரி உப்புக்காற்று. கார்டின் ஓரத்தில் 68 துளைகள், லேப்டாப்புக்குள் அவற்றுக்கான 68 ஊசிகள். களிம்பு பிடித்த துளைக்குள் கார்டை அழுத்தித் திணித்தால் ஊசி வளையும். வளைந்த ஊசி பக்கத்து ஊசியில் பட்டால் லேப்டாப்பே போகலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. காய்வதற்கு ஒரு ராத்திரி கொடுத்தால் என்ன?

செருகும் முனையில் தங்கநிறத் தகடும் அதில் சிறு புடைப்புகளும் இருந்தால் அது 32 பிட் கார்ட்பஸ், அதாவது பிசி கார்டின் பிந்தைய வகை. பழைய 16 பிட் லேப்டாப்பில் அது நுழையாது, மல்லுக்கட்ட வேண்டாம்.

ஹைப்பர்டெர்மினலில் (மோடத்தோடு நேரடியாகப் பேசும் பழைய விண்டோஸ் நிரல்) ‘ஏடி’ (AT) கட்டளையைத் தட்டி ‘ஓகே’ வந்ததும் கார்டு நல்லது என்று நம்புவதுதான் பெரிய தவறு. கணினிப் பக்கம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. தொலைபேசிப் பக்கம் தனிச் சுற்று. லைனில் இடி இறங்கினால் அடி வாங்குவது அது. ‘ஓகே’ வரவில்லை என்றாலும் கார்டைப் பழிக்காதீர்கள். மோடம் உட்காரும் சீரியல் போர்ட்டுகளில் காம்2, காம்4 இரண்டும் வழக்கமாக ஐஆர்க்யூ 3-ஐத்தான் (கணினியின் கவனத்தைக் கூப்பிடும் தடம்) கேட்கும். இன்ஃப்ராரெட் போர்ட் அதைப் பிடித்து வைத்திருந்தால் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) அந்தப் போர்ட்டை அணையுங்கள். வின்மோடம் (வேலையில் பாதியை விண்டோஸ் மென்பொருளிடம் விடும் மோடம்) என்றால் டிரைவர் இல்லாமல் வாயே திறக்காது.

‘நோ டயல்டோன்’ வந்தால்? நம் டயல்டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலியை 25 ஹெர்ட்ஸில் ஏற்றி இறக்கியது. அமெரிக்காவில் 350-உம் 440-உம் சேர்ந்து ஒலிக்கும். அங்கே விற்கச் செய்த கார்டுக்கு நம்முடையது புரியாமல் போகலாம். ‘ஏடிஎக்ஸ்3’ (ATX3) கட்டளை கொடுங்கள், டயல்டோனுக்குக் காத்திராமல் அழைக்கும்.

கன்னியாகுமரி லாட்ஜிலோ ஆஸ்பத்திரியிலோ உள்ள டிஜிட்டல் எக்ஸ்டென்ஷனில் (உள் தொலைபேசி இணைப்பு) மட்டும் செருகிவிடாதீர்கள். அளவு மீறிய மின்னோட்டம் கார்டைப் பொசுக்கிவிடும்.

56கே (நொடிக்கு 56 கிலோபிட்) வேகம் வரவில்லை என்று கார்டை ஒதுக்குவதும் அநியாயம். அந்த வேகத்துக்கு மறுமுனை எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாக இணைந்திருக்க வேண்டும். இரண்டு சாதாரண மோடம்கள் பேசினால் உச்சம் 33.6 கிலோபிட்தான். ஃபைபர் லைனில் குரல் பாக்கெட்டாகப் போவதால் அதுவும் குறையும்.

இரண்டு போன் போர்ட் உள்ள அனலாக் அடாப்டர் (சாதாரண போனை இணையத்தோடு இணைக்கும் பெட்டி) ஒன்றில் இரண்டு மோடங்களை மாட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றை அழைப்பதே என் சிபாரிசு. ஐப்பசி இடிமழையிலும் வெளி லைனைத் தொடாமல் சோதிக்கலாம். இணைந்ததும் 100 கிலோபைட் கோப்பு ஒன்றை இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் அனுப்புங்கள். 33.6 கிடைத்தால் அரை நிமிடத்துக்குள் போய்விடும். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தால், கார்டைச் சந்தேகப்படும் முன் வயரையும் ஜாக்கையும் மாற்றிப் பாருங்கள்.