பாதியில் நின்றுபோன பொதி நிறுவலைச் சீர்செய்தல்

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் மென்பொருளை நிறுவ நாம் ஏவும் கட்டளை பெரும்பாலும் ஏபிடிதான் என்றாலும், மென்பொருளின் கோப்புகள் அடங்கிய தொகுப்பான பொதியைப் பிரித்து வட்டில் எழுதுவது அதன் அடியிலுள்ள டிபிகேஜியே ஆகும். மேம்படுத்தலின் நடுவே மின்சாரம் போய்ப் பல பொதிகள் அரைகுறையாக நின்றபோது, இயங்குதளத்தையே மறுபடி நிறுவ முனைந்தேன். அது தேவையே இல்லை.

முதலில், கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தில் டிபிகேஜியை, இரட்டைக் கோடிட்ட ஆடிட் என்ற தெரிவுடன் இயக்குங்கள். நிறைவடையாத பொதிகளை அது பட்டியலிடும். வரைகலை மென்பொருள் மையத்தை இவ்வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பிழைச்செய்தியின் முக்கியப் பகுதி அதில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

நிறுவல் என்பது இரண்டு கட்டங்கள்: கோப்புகளைப் பிரித்து உரிய இடங்களில் வைப்பது ஒன்று, பின்னர் அவற்றை இயங்கும் நிலைக்கு அமைவாக்குவது மற்றொன்று. முதற்கட்டத்தோடு நின்றவற்றை முடிக்க, நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் டிபிகேஜி, இரட்டைக் கோடிட்ட கான்ஃபிகர், ஒற்றைக் கோடிட்ட சிறிய ஏ என்ற வரிசையில் கட்டளையிடுங்கள். சார்புப் பொதி, அதாவது ஒரு பொதிக்குத் தேவையான வேறொரு பொதி, இல்லை என்று அது மறுத்தால், சூடோவுடன் ஏபிடி இன்ஸ்டால் கட்டளையை ஒற்றைக் கோடிட்ட சிறிய எஃப் தெரிவுடன் இயக்கினால் போதும்.

நான் இடறியது இதன் பிறகுதான். பிழைகள் வரிசையாக வந்தபோது கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தேடினேன். உண்மையில் முதலில் தோற்றது ஒரே ஒரு பொதி. அதைச் சார்ந்திருந்தவை அனைத்தும் அதனாலேயே அமைவாக்கப்படாமல் நின்றிருந்தன. ஆகவே எப்போதும் முதற்பிழையைப் பாருங்கள். பொதியின் பெயரோடு போஸ்ட்இன்ஸ்ட் என்று முடியும், அமைவாக்கும்போது இயங்கும் ஸ்கிரிப்ட், வார் அடைவுக்குள் லிப், அதற்குள் டிபிகேஜி, அதற்குள் இன்ஃபோ என்ற அடைவில் இருக்கும். பெரும்பாலும் அது எளிய ஷெல் நிரலே என்பதால், எந்த வரியில் நின்றது என்பதைப் படித்தே அறியலாம். என் கணினியில், ஒரு சேவை தொடங்க மறுத்ததே காரணமாக இருந்தது. அந்த ஸ்கிரிப்டை அழித்துவிடும்படி சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அழித்தால், வேலை நடக்காமலேயே, நடந்ததாக டிபிகேஜி பதிந்துகொள்ளும்.

பின்சேர்க்கை: கட்டளையை இயக்கும்போது, பொதித் தரவுகள் பூட்டப்பட்டுள்ளன என்ற செய்தி வருவதாக வாசகர்கள் எழுதியிருந்தார்கள். லாக்-ஃபிரன்ட்எண்ட் என்ற கோப்பை அழிக்காதீர்கள். பூட்டு என்பது அக்கோப்பு இருப்பதால் உண்டாவதன்று. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு செயல்முறை அதைப் பிடித்திருப்பதால் உண்டாவது. கோப்பை அழித்தால் இரண்டு செயல்முறைகள் ஒரே நேரத்தில் பொதித் தரவுகளில் எழுதி, அவற்றைக் குலைக்கக்கூடும். பெரும்பாலும் பூட்டைப் பிடித்திருப்பது பின்னணியில் நடக்கும் தானியங்கு மேம்படுத்தலாகவே இருக்கும். அது முடியும்வரை காத்திருந்து, அமைவாக்கும் கட்டளையை மறுபடி இயக்குங்கள்.