ஒப்புக்கொண்ட விலையை மாற்றியபோது

அலமாரி செய்ய ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கி, சம்மதம் என்று எழுதி அனுப்பி, முன்பணமும் கட்டினேன். வேலை தொடங்கும்போது பலகை விலை ஏறிவிட்டது, கூடுதலாகக் கொடுங்கள் என்றார்கள். அது என் பொறுப்பா?

கொட்டேஷனை எடுத்து வரி வரியாகப் படித்தேன். தோராய மதிப்பீடு என்று எங்கும் இல்லை. விலை மாறலாம் என்ற நிபந்தனையும் இல்லை. செல்லுபடியாகும் தேதிக்குள்தான் நான் ஒப்புக்கொண்டிருந்தேன். விளம்பர விலை பெரும்பாலும் வாங்க வரச்சொல்லும் அழைப்பு மட்டுமே. இரு தரப்பும் ஒப்புக்கொண்டது அப்படியல்ல, அது ஒப்பந்தம். ஒருவர் மட்டும் மாற்றுவது நியாயமே இல்லை.

இதை எழுதி, ரசீது நகலோடு உரிமையாளருக்கே அனுப்பினேன். பதிலுக்கு ஒரு தேதி குறித்து, தவறினால் நுகர்வோர் குறைதீர்ப்புக்குப் போவேன் என்றேன். அப்புறம் பழைய விலைக்கே ஒத்துக்கொண்டார்கள். அதே தொகைக்கு பில் வாங்கிக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தேன்.