ஆயர் ஈத்தாம் மாடிவீட்டில் 40 மீட்டர் கேட்க என்ன செய்தேன்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி பால்கனியில் கம்பி ஆண்டெனா கட்டினால், 40 மீட்டர் எனப்படும் 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் ரேடியோ அலைவரிசையில் எப்போதும் எஸ்9 இரைச்சல்தான் (எஸ் என்பது ரேடியோவின் எஸ் மீட்டர் காட்டும் சிக்னல் வலிமை; 9 என்றால் மிக வலுவானது). முதலில் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரேடியோவை பேட்டரியில் ஓட்டினேன். கொஞ்சம்தான் குறைந்தது. சரி, மீதி அக்கம்பக்கத்து எல்இடி விளக்கு, சார்ஜர், லிஃப்ட் மோட்டார். அவர்கள் கதவைத் தட்டி என்ன சொல்வது?

இந்த அலைவரிசையில் வெளி இரைச்சல் ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட மிக அதிகம். அதனால் ஆண்டெனா பெரிய சிக்னல் தர வேண்டியதில்லை. இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு எழுகிறது என்பதுதான் கணக்கு. கேட்பதற்கு மட்டும் சுமார் ஒரு மீட்டர் விட்டத்தில் லூப், அதாவது வட்ட வடிவ ஆண்டெனா செய்தேன். வட்டத்தின் முகத்தை லிஃப்ட் பக்கம் திருப்பியதும் இரைச்சல் சட்டென்று அமுங்கியது. எஸ் மீட்டரில் சிக்னலும் இறங்கியது, ஆனால் பேச்சு புரிந்தது.

அப்புறம் லூப்பை ரேடியோவுடன் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளை லூப்புக்குப் பக்கத்திலேயே ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான் போன்ற பொருள்) வளையத்தில் சில சுற்று சுற்றினேன். கேபிளின் வெளியுறை வழியாக வீட்டு இரைச்சல் ஆண்டெனாவுக்கு ஏறுவது இதனால் வெகுவாகக் குறைந்தது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள்; என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான்.

மாலை இடியின் படபடப்புக்கு மட்டும் மருந்தில்லை. மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றிவிடுகிறேன்.