வங்கக்கடலின் அலையையும் காற்றையும் உயரமானி ரேடார் கொண்டு அளப்பது

சென்டினல்-6 செயற்கைக்கோளின் உயரமானி (கடல்மட்ட உயரத்தை அளக்கும் ரேடார் கருவி), நேர்கீழே கடலை நோக்கி ரேடார் துடிப்புகளை அனுப்புகிறது. அமைதியான கடலிலிருந்து எதிரொலி சட்டென எழும்பும். அலையடிக்கும் கடலில் முகடுகள் முந்தியும் பள்ளங்கள் பிந்தியும் திருப்பி அனுப்புவதால் அந்த எழுச்சி சாய்ந்து நீளும். இந்தச் சாய்வே அலை உயரத்தைத் தருகிறது. காற்றுக்கு எதிரொலியின் வலிமையைப் பார்க்க வேண்டும். காற்று கூடினால் சிற்றலைகள் ரேடார் அலையைப் பக்கங்களில் சிதறடிக்க, திரும்பி வருவது குறையும்.

இந்தத் தரவு நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவுக் கோப்பு வடிவில் கிடைக்கும். அதில் கேயூ என்ற ரேடார் அலைவரிசையின் ஒரு விநாடிச் சராசரியை எடுங்கள். கடல்பரப்பில் அது ஏறத்தாழ 6 கி.மீ. நீளம். கோப்பு இருவகையில் கிடைக்கும்: சாதாரணப் பிரிதிறன், உயர் பிரிதிறன். இரண்டையும் கலக்காதீர்கள், உயர் பிரிதிறனில் அலை உயரம் சற்றுக் கூடுதலாகவே வரும்.

உழைப்பெல்லாம் நம்பத்தகாத அளவுகளைக் கழிப்பதில்தான். கரையிலிருந்து 20 கி.மீ.க்குள் உள்ள புள்ளிகளை விடுங்கள், அங்கே நிலத்தின் எதிரொலி கலந்துவிடும். மழைக்கொடி, தரக்கொடி (மழை அல்லது தரக்குறைவு என்று கோப்பே காட்டும் எச்சரிக்கைக் குறிகள்) விழுந்தவையும் வேண்டாம். ஒரு விநாடிக்குள் உள்ள 20 அளவுகளும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் சிதறிக் கிடந்தால் அதன் சராசரிக்கு மதிப்பில்லை. எதிரொலி வலிமை 15 டெசிபெல்லைத் தாண்டினால் கடல் கண்ணாடிபோல் கிடக்கிறது என்று பொருள். அப்போது எதிரொலியின் வடிவமே கெடுவதால் அலை, காற்று இரண்டையும் நம்ப முடியாது. 2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட சரல் உயரமானிச் செயற்கைக்கோளின் பழைய தரவை எடுப்பவர்கள் மழையில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அது 35.75 கிகாஹெர்ட்ஸில் இயங்கியது, அந்த அலைவரிசையை மழை அதிகம் விழுங்கும்.

மிஞ்சியதை மிதவையோடு (கடலில் மிதந்தபடி அலையையும் காற்றையும் நேரடியாக அளக்கும் கருவி) ஒப்பிட, இரண்டுக்கும் இடையே 50 கி.மீ., 30 நிமிட வரம்பு போதும். செயற்கைக்கோள் தருவது 10 மீட்டர் உயரக் காற்று. மிதவையின் காற்றுமானி 3 மீட்டரில் இருந்தால் அதன் அளவை சுமார் 1.12-ஆல் பெருக்குங்கள். இதைச் செய்யாமல் செயற்கைக்கோள் காற்றைக் கூட்டிக் காட்டுகிறது என்று குறைசொல்பவர்கள் நிறைய.

கோப்பில் அலை உயரம் 3 மீட்டர் என்றிருந்தால், அது உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. அதே கடலில் தனி அலை ஒன்று 6 மீட்டரைத் தொடலாம்; படகுக்காரருக்கு எச்சரிக்கை எழுதினால் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

நிலநடுக்கோட்டருகே தடங்களின் இடைவெளி 315 கி.மீ., அதே தடத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 10 நாள். தடங்களுக்கு நடுவே புயல் அளவில் சிக்காமல் நழுவிவிடும். காற்றின் திசையும் இதில் கிடைக்காது. அதற்கு ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளின் சிதறல்மானித் (கடல்காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் ரேடார்) தரவை எடுக்க வேண்டும்.